புத்தகத்தை மூடு, படத்தை வரை!

1952-ஆம் ஆண்டு, டிசம்பர் மாதம். கனடா நாட்டில் சாக் ரிவர் என்ற இடத்தில் ஓர் ஆராய்ச்சி அணு உலை பழுதாகிவிட்டது. உள்ளே எரிபொருள் கம்பிகள் சில உருகிப்போயின. அடித்தளத்தில் கதிரியக்கம் கலந்த தண்ணீர் குளம் போலத் தேங்கிவிட்டது. உலையைப் பிரித்து எடுத்தாக வேண்டும். ஆனால் அதன் பக்கத்தில் போய் நிற்பவரின் உடம்பில், ஓர் ஆண்டு முழுக்கச் சேரலாம் என்று அனுமதித்த கதிரியக்கம் ஒன்றரை நிமிடத்திலேயே சேர்ந்துவிடும்.

ஒன்றரை நிமிடம்! தலை வாரி முடிப்பதற்குள் ஓடிவிடும் நேரம். அதற்குள் உள்ளே போய், சரியான போல்ட்டைக் கண்டுபிடித்து, கழற்றிவிட்டு வெளியே ஓடிவர வேண்டும். இந்த வேலைக்கு உதவ அமெரிக்கக் கடற்படையிலிருந்து ஒரு குழு வந்தது. அதன் தலைவருக்கு 28 வயது. பெயர் ஜிம்மி கார்ட்டர்.

அவர்கள் நேராக உலைக்குப் போகவில்லை. அருகில் ஒரு டென்னிஸ் மைதானம் இருந்தது. அங்கே பழுதான உலையைப் போலவே ஒரு மாதிரியைச் செய்து வைத்தார்கள். குழுவினர் அந்த மாதிரியில் போல்ட் கழற்றிப் பழகினார்கள். எந்தச் சாவி, எந்தப் பக்கம் திருக வேண்டும், யார் முதலில், யார் அடுத்து என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பிறகு இரண்டு மூன்று பேராக உலைக்குள் போனார்கள். உள்ளே நடப்பது கேமரா வழியாக வெளியே தெரியும். உள்ளே ஒரு போல்ட் கழன்றால், மைதானத்து மாதிரியிலும் அதே போல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். அடுத்துப் போகிறவர் அந்த நிமிடத்தில் உலை எப்படி இருக்கிறதோ அதே நிலையைப் பார்த்துப் பழகிவிட்டுத்தான் போவார். கார்ட்டர் உள்ளே இருந்தது 89 நொடிகள்.

அந்த இளைஞர் பிற்பாடு, 1977-இல், அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் ஆனார். அன்றைக்கு அவர் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் வேலை செய்வதற்காகப் படித்துக்கொண்டிருந்த ஒரு கடற்படை அதிகாரி. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த டென்னிஸ் மைதானம்தான். கப்பலில் அணு உலையை இயக்கப் படிப்பவர்கள் இன்றும் ஒருவகையில் அந்த மைதானத்தில்தான் பழகுகிறார்கள். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முதலில், நீர்மூழ்கிக் கப்பலுக்கு அணு உலை எதற்கு? டீசல் எஞ்சின் எரிய காற்று வேண்டும். கடலுக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? அதனால் பழைய நீர்மூழ்கிகள் பேட்டரியில் கொஞ்ச தூரம் போய்விட்டு, மறுபடி மேலே வந்து, டீசலை ஓட்டி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். அணு உலைக்குக் காற்றே வேண்டாம். யுரேனியம் அணுவின் நடுவில் இருக்கும் கருவை நியூட்ரான் என்ற துகள் தாக்கினால் அது இரண்டாக உடையும். உடையும்போது வெப்பம் வரும், கூடவே இன்னும் இரண்டு மூன்று நியூட்ரான்களும் கிளம்பும். அவை அடுத்த அணுக்களை உடைக்கும். இதற்குத் தொடர்வினை என்று பெயர். நியூட்ரான்களை விழுங்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை உலைக்குள் இறக்கினால் அது அடங்கும்.

அந்த வெப்பத்தை ஒரு தண்ணீர் சுமந்துகொண்டு போகிறது. இந்தத் தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. வீட்டுக் குக்கரில் அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் அல்லவா? அதே முறைதான், ஆனால் அழுத்தம் பல மடங்கு அதிகம். அந்தச் சூடான தண்ணீர் நிறைய மெல்லிய குழாய்களுக்குள் ஓடும்போது, குழாய்களுக்கு வெளியே இருக்கும் வேறொரு தண்ணீர் கொதித்து நீராவியாகும். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காது. நீராவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் கப்பலின் விசிறியைச் சுழற்றும். வேலை முடிந்த நீராவியைக் கடல்நீர் குளிரவைக்கும். அது மறுபடி தண்ணீராகித் திரும்பிப் போகும்.

இப்படி ஓடிய முதல் கப்பல் அமெரிக்காவின் நாட்டிலஸ். 1955 ஜனவரி 17 அன்று அணுசக்தியில் முதன்முதலாகப் புறப்பட்டது. ஒருமுறை நிரப்பிய எரிபொருளிலேயே 60,000 மைல்களுக்கு மேல் போனது. 1958-இல் பனிக்கு அடியிலேயே போய் வடதுருவத்தைக் கடந்தது.

நாட்டிலஸுக்குப் பின்னால் இருந்தவர் ஹைமன் ரிக்கோவர் என்ற கடற்படை அதிகாரி. போலந்தில் பிறந்து, சிறு பையனாக அமெரிக்காவுக்கு வந்தவர். உயரம் குறைவு, கோபம் அதிகம். கடற்படையில் 60 ஆண்டுகளுக்கு மேல் இருந்து 1982-இல்தான் ஓய்வு பெற்றார். அணுசக்திப் பிரிவில் சேர விரும்பும் அதிகாரிகளை அவரே நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். அவர் எதிரே போட்டிருந்த நாற்காலியின் முன்கால்கள் கொஞ்சம் வெட்டப்பட்டிருக்கும். உட்காருபவர் முன்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே இருப்பார். சறுக்கும்போதும் தெளிவாகப் பேசுகிறாரா என்று பார்ப்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

ரிக்கோவர் செய்த காரியங்களில் ஒன்றை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நாட்டிலஸ் கட்டி முடிவதற்கு முன்பே, அதே போன்ற அணு உலை ஒன்றை ஐடஹோ மாநிலத்தில் கட்டச் சொன்னார். ஐடஹோ எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பாருங்கள். சுற்றிலும் நிலம்தான், கடலே கிடையாது. அந்தப் பாலைவனத்தின் நடுவில் ஒரு பெரிய தொட்டி, அதில் தண்ணீர், தண்ணீருக்குள் நீர்மூழ்கிக் கப்பலின் ஒரு துண்டு, அதற்குள் உலை! எந்திரங்கள் கப்பலுக்குள் எவ்வளவு நெருக்கமாக இருக்குமோ அவ்வளவு நெருக்கமாக இங்கேயும் இருக்க வேண்டும் என்றார். விசாலமாகக் கட்டினால் வேலை சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

1953 ஜூனில் அந்த உலையை முழுச் சக்தியில் ஓட்டினார்கள். 24 மணி நேரம் நன்றாக ஓடியது. சோதனை முடிந்தது, நிறுத்திவிடலாம் என்றார்கள் பொறியாளர்கள். ரிக்கோவரோ அட்லாண்டிக் பெருங்கடலின் வரைபடத்தைக் கொண்டுவரச் சொல்லிச் சுவரில் மாட்டினார். கப்பல் நிஜமாகவே போவது போல அதன் பாதையை அதில் குறித்துக்கொண்டே வந்தார்கள். சுமார் 60 மணி நேரத்துக்குப் பிறகு தொல்லைகள் வரத் தொடங்கின. ஜெனரேட்டருக்குள் கரித்தூள் படிந்தது, ஒரு பம்பில் சத்தம் கேட்டது, குளிரவைக்கும் பகுதியில் ஒரு குழாய் பழுதாகி நீராவியின் அழுத்தம் இறங்கியது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. நடுக்கடலில் இப்படி ஆனால் என்ன செய்வீர்கள், அதை இங்கேயே செய்யுங்கள் என்பது அவர் பிடிவாதம். செய்தார்கள். 96 மணி நேரத்தில் அந்தக் "கப்பல்" வரைபடத்தில் அயர்லாந்துக் கரையைத் தொட்டது. பாலைவனத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமலே!

அதே ஐடஹோ உலையில்தான் நாட்டிலஸ் மாலுமிகள் பழகினார்கள். கப்பலுக்கு முன்னால் தரையில் ஓர் உலையைக் கட்டிப் பார்க்கும் இந்த வழி நம் நாட்டிலும் உண்டு. இந்தியாவின் அரிஹந்த் நீர்மூழ்கிக் கப்பலில் இருக்கும் உலைக்கு முன்னோடியாக, தரையில் கட்டிய மாதிரி உலை நம் கல்பாக்கத்தில்தான் இருக்கிறது. பல ஆண்டுகள் ரகசியமாக இருந்த அதைப் பற்றி 2009-இல்தான் வெளியே சொன்னார்கள். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போகும்போது, அங்கிருந்து கொஞ்ச தூரம் தெற்கே அப்படி ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கூஸ் கிரீக் என்ற ஊரில் கடற்படையின் அணுசக்திப் பள்ளி இருக்கிறது. சேருபவர்களில் பலருக்கு 18, 19 வயதுதான். பிளஸ் டூ முடித்த அண்ணன், அக்கா வயது. எந்திரம், மின்சாரம், மின்னணுக் கருவிகள் என்று மூன்று பிரிவுகளாக முதலில் அடிப்படைத் தொழிலைக் கற்கிறார்கள். அடுத்த ஆறு மாதம் கணக்கு, இயற்பியல், வேதியியல், வெப்பம், உலை எப்படி இயங்குகிறது என்று பாடம். அதன்பின் ஆறு மாதம் நிஜமான உலையில் பழக்கம்.

பாடப் புத்தகங்களைக் கட்டடத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, எல்லாம் ரகசியம். வீட்டுப்பாடம் உண்டு, ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது! வகுப்பு முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். மதிப்பெண் நான்குக்கு. இரண்டரை வாங்கினால்தான் தேர்ச்சி. பெரும்பாலும் எழுதி விளக்க வேண்டிய கேள்விகள். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது ஏன் சரி என்றும் எழுத வேண்டும்.

கடைசி ஆறு மாதம்தான் சுவாரசியம். அதே மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற நகரத்தின் அருகே பழைய நீர்மூழ்கிக் கப்பல்களைக் கரையில் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள். அவை இனிக் கடலுக்குப் போகாது, ஆனால் உள்ளே உலை ஓடும். அதில் ஒன்றின் பெயர் சான் ஃபிரான்சிஸ்கோ. 2005-இல் இந்தக் கப்பல் பசிபிக் கடலுக்கடியில் ஒரு மலையின் மேல் முழு வேகத்தில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார், பலர் காயமடைந்தார்கள். முன்பகுதி நசுங்கியும் கப்பல் மேலே வந்து, தன் சக்தியிலேயே துறைமுகம் வந்து சேர்ந்தது. இப்போது அது மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறது.

அங்கே வந்த முதல் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு தகுதி அட்டை கிடைக்கும். அட்டை என்றால் ஒரே ஒரு தாள் என்று நினைக்காதீர்கள், அதில் வரி வரியாக நிறைய இருக்கும். இந்தப் பம்ப் எப்படி வேலை செய்கிறது, இந்தக் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இந்த மீட்டர் எதை அளக்கிறது என்று ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். அந்த விஷயத்தில் ஏற்கெனவே தகுதி பெற்ற ஒருவர்தான் கையெழுத்துப் போடலாம். போட்டுவிட்டால், இவருக்கு இது தெரியும் என்று அவர் பொறுப்பேற்கிறார் என்று அர்த்தம். அதனால் யாரும் சும்மா போட்டுவிட மாட்டார்கள்.

ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் டார்ச். ஒரு குழாயைத் தொடங்கும் இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு போகிறாள். குழாய் படிக்கட்டுக்கு அடியில் நுழைகிறது, குனிகிறாள். ஓர் எந்திரத்துக்குப் பின்னால் வளைகிறது, பக்கவாட்டில் நுழைந்து எட்டிப் பார்க்கிறாள். வழியில் எத்தனை வால்வு, எது எந்தப் பக்கம் திறக்கும் என்று மனதில் குறித்துக்கொள்கிறாள். பிறகு தன் மூத்தவர் முன் போய் நிற்கிறாள். அவரை எல்லோரும் "சீஃப்" என்றுதான் கூப்பிடுவார்கள். புத்தகம் மூடியாகிவிட்டது. வெள்ளைப் பலகையில் நினைவிலிருந்து முழுவதையும் வரைகிறாள். வரைந்து முடித்ததும் கேள்வி தொடங்குகிறது.

"கப்பலின் வேகத்தைக் கூட்ட, டர்பைனுக்குப் போகும் நீராவி வால்வை இன்னும் கொஞ்சம் திறக்கிறார்கள். உலையில் என்ன ஆகும்?"

"உலையின் சக்தி கூடும், சீஃப்."

"யார் கூட்டினது? கட்டுப்பாட்டுத் தண்டை யாராவது தொட்டார்களா?"

"இல்லை, சீஃப். அதுவே கூடும்."

"அதுவே எப்படிக் கூடும்? சொல்லு."

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கோலி விளையாடியிருப்பவர்களுக்கு இது சுலபம். ஒரு கோலியை அதே அளவுள்ள இன்னொரு கோலியின் மேல் நேராக அடித்துப் பாருங்கள். அடித்த கோலி அங்கேயே நின்றுவிடும், அடிபட்டது ஓடும். அதே கோலியைச் சுவரில் அடித்தால்? வேகம் பெரிதாகக் குறையாமல் திரும்பி வரும். தன் எடைக்குச் சமமான ஒன்றின் மேல் மோதினால்தான் வேகம் முழுக்கப் போகும். நியூட்ரானுக்குச் சமமான கோலி எது தெரியுமா? தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனின் கரு! அணு உடையும்போது கிளம்பும் நியூட்ரான்கள் பயங்கர வேகத்தில் வரும். அந்த வேகத்தில் அவை அடுத்த யுரேனியத்தை உடைப்பது கடினம். தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜன் கோலிகள் மேல் மோதி மோதி வேகம் குறைந்த பிறகுதான் சுலபமாக உடைக்கும். ஆக, உலையில் இருக்கும் தண்ணீருக்கு இரண்டு வேலை. வெப்பத்தைச் சுமப்பது ஒன்று, நியூட்ரானை நிதானப்படுத்துவது இன்னொன்று.

இப்போது வால்வுக்கு வருவோம். வால்வை அதிகம் திறந்தால் நீராவி அதிகம் போகும். அந்த நீராவியை உண்டாக்க, உலையின் தண்ணீர் அதிக வெப்பத்தைக் கொடுக்க வேண்டும். அதனால் அது உலைக்குத் திரும்பும்போது முன்பைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் நெருக்கமாக இருக்கும், அதே இடத்தில் அதிக ஹைட்ரஜன். நிறைய நியூட்ரான்கள் நிதானமாகும், நிறைய யுரேனியம் உடையும், வெப்பம் கூடும். தேவைக்குச் சமமானதும் அங்கேயே நிலைக்கும். வால்வைக் குறைத்தால் எல்லாம் தலைகீழ். தண்ணீர் சூடாகி விரியும், ஹைட்ரஜன் கோலிகள் தள்ளித்தள்ளிப் போகும், நியூட்ரான்கள் தப்பிக்கும், சக்தி இறங்கும். எவ்வளவு கேட்கிறோமோ அவ்வளவு கொடுக்கும் உலை! எத்தனை முறை யோசித்தாலும் இது எனக்கு அலுப்பதே இல்லை.

மாணவி இதைச் சொல்லி முடித்ததும் சீஃப் விட்டுவிடுவாரா?

"சரி, தண்டுகளை எல்லாம் இறக்கி உலையை நிறுத்தியாயிற்று. பம்பையும் நிறுத்திவிடலாமா?"

தோசை சுட்ட பிறகு அடுப்பை அணைத்தாலும் கல் கொஞ்ச நேரம் சூடாக இருக்கும். ஆனால் உலையின் கதை அதையும் தாண்டியது. தொடர்வினை நின்றுவிட்டாலும், உடைந்த அணுத் துண்டுகள் தாமாகவே சிதைந்து புது வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய உடனே, முழுச் சக்தியில் சுமார் 6 முதல் 7 சதவீதம் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும். அந்த வெப்பத்தை வெளியேற்ற வழி வைத்துவிட்டுத்தான் எதையும் நிறுத்த வேண்டும். இதற்குப் பதில் தெரியாவிட்டால் சீஃப் திட்ட மாட்டார். தேடிக்கொண்டு வா என்பார், அவ்வளவுதான். அவள் போய்த் தேடிப் படித்துவிட்டு மறுபடி வரிசையில் நிற்பாள். கையெழுத்து அன்றைக்குக் கிடையாது.

இவ்வளவு துருவிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1963 ஏப்ரல் 10 அன்று த்ரெஷர் என்ற அமெரிக்க நீர்மூழ்கி ஆழத்தில் மூழ்கியது. உள்ளே இருந்த 129 பேரும் இறந்தார்கள். குழாய் இணைப்பு ஒன்று விட்டுப்போய்க் கடல்நீர் உள்ளே பாய்ந்திருக்கலாம், அதனால் உலையும் நின்றுபோய் மேலே வர சக்தி இல்லாமல் போயிருக்கலாம் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். அதற்குப் பிறகு குழாய்களைச் சோதிக்கும் விதிகள் கடுமையாயின. நின்றுபோன உலையை விரைவாக மறுபடி இயக்கும் முறைகளும் திருத்தப்பட்டன. பயிற்சியில் கேட்கும் ஒவ்வொரு "அப்படி ஆனால்?" என்ற கேள்விக்குப் பின்னாலும் அந்த 129 பேரின் நினைவு இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அட்டையில் கையெழுத்துகள் சேரச் சேர, மாணவர்கள் பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் பணியில் உட்காருகிறார்கள். 12 மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். மணிக்கொருமுறை மீட்டர்களைப் படித்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். சும்மா எண்ணை எழுதினால் போதாது, போன மணிக்கு இருந்ததைவிட ஏன் ஏறியது என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். ஓர் உத்தரவு வந்தால் அதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். டீக்கடையில் "ரெண்டு ஸ்ட்ராங், ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்று சொன்னால் மாஸ்டர் திருப்பிச் சொல்லுவாரே, அதே மாதிரி. எந்திரச் சத்தத்தில் ஒரு வார்த்தை தவறாகக் காதில் விழுந்தால், அது திருப்பிச் சொல்லும்போது அங்கேயே பிடிபட்டுவிடும்.

அட்டை நிறைந்த பிறகு பெரிய எழுத்துத் தேர்வு. அதன்பின் ஒரு குழு முன்னால் நின்று வாய்மொழித் தேர்வு. மீண்டும் வெள்ளைப் பலகை, மீண்டும் மூடிய புத்தகம். தேறினால் கப்பலுக்குப் போகலாம்.

கப்பலில் போய் இறங்கியதும் அந்த மாணவிக்கு முதலில் என்ன கொடுப்பார்கள் தெரியுமா? இன்னொரு தகுதி அட்டை, ஒரு கையெழுத்தும் இல்லாமல் காலியாக. இந்தக் கப்பலின் உலை வேறு, குழாய்கள் போகும் வழி வேறு, வால்வு இருக்கும் இடம் வேறு. அவள் பையைப் படுக்கையில் வைக்கிறாள். டார்ச்சை எடுத்துக்கொள்கிறாள். எந்திர அறைக்கு இறங்கி, முதல் குழாயின் மேல் கை வைத்து, அது எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்குகிறாள்.